ஜெபக் குறிப்பு உலகமெல்லாம் போக வேண்டுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

திருச்சபைகள் சமூக ஊடகங்களைப் பயன்படுத்துவது பற்றித் தங்கள் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நேரலை ஆராதனையின் நன்மைகளை விரிவாகச் சொன்ன அக்கட்டுரை, அதன் வழியே சபையாரின் வீட்டு விஷயங்கள் வெளியே போவதைத் தொடாமல் விட்டதால் இதை எழுதுகிறேன்.

2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியபோது ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள திருச்சபை வட்டாரமான எங்கள் சேகரத்தில் ஒரு கேமராகூடக் கிடையாது. ஏப்ரல் 10, புனித வெள்ளியன்று, குருவானவர் வெறும் பெஞ்சுகளைப் பார்த்து இயேசு சிலுவையில் தொங்கிய நேரத்தை நினைவுகூரும் மும்மணி தியானத்தை நடத்த, வாலிபர் சங்கத்துப் பையன் ஒருவன் தன் கைப்பேசியைப் பீடத்துக்கு எதிரே நிறுத்தி அதை யூடியூபில் ஒளிபரப்பினான். வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் எங்கள் பிள்ளைகள் பல ஆண்டுகளுக்குப் பிறகு சொந்த ஊர் ஆராதனையில் கலந்துகொண்டது அன்றுதான். படுக்கையை விட்டு எழ முடியாத முதியோருக்கு இன்றும் அந்த நேரலைதான் ஞாயிற்றுக்கிழமை என்பதால், அதை நிறுத்தச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஸூம் வழியாக நடக்கும் கமிட்டிக் கூட்டங்களும் நல்லவையே, பேச்சின் நீளம் மட்டும் குறைந்தபாடில்லை.

நற்கருணையில், அதாவது அப்பமும் இரசமும் பகிரும் திருவிருந்தில், கிறிஸ்துவின் மெய்யான பிரசன்னத்துக்கு இணையவெளி ஈடாகாது என்று வத்திக்கான் 2002-லேயே ஓர் ஆவணத்தில் கூறிவிட்டது. திருவிருந்தைத் திரைக்கு முன் அமர்ந்து எடுக்கலாமா என்று ஊரடங்கு நாட்களில் எங்கள் சபையிலும் வாதாடினோம். ஆனால் திரையில் எதைச் சொல்லக் கூடாது என்று அன்றைக்கு எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

என் தங்கைக்கு மார்பில் கட்டி என்று மருத்துவர் சந்தேகித்த வாரத்தில் சபையார் அவளுக்காக ஜெபிக்கும்படி நான் எழுதிக் கொடுத்த ஜெபக் குறிப்பு, அவள் பெயரோடும் நோயின் பெயரோடும் ஆராதனையில் வாசிக்கப்பட்டது. கோவிலுக்குள் அது காலங்காலமாக நடப்பதுதான். கேட்பவர்கள் நம்மை அறிந்தவர்கள், ஆராதனை முடிந்ததும் கையைப் பிடித்து ஆறுதல் சொல்பவர்கள். ஆனால் அன்று மாலையே, நாங்கள் இன்னும் தெரிவிக்காத அந்தச் செய்தியை யூடியூபில் கேட்டுவிட்டு, வெளியூரிலுள்ள அவளுடைய மாமியார் வீட்டார் தொலைபேசியில் அழைத்தார்கள். பரிசோதனையில் பயப்பட ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகும், அந்தப் பதிவு இரண்டு மாதம் அப்படியே கிடந்தது.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்துவிட்டது என்றாலும், கோவில் காரியத்துக்குச் சட்டத்தை இழுக்க எனக்கு மனமில்லை. ஜெபக் குறிப்புகளை வாசிக்கும் நேரத்தில் நேரலையின் ஒலியை நிறுத்திவைக்கலாம். நோயின் பெயரைச் சொல்லாமல் ஆளின் பெயரை மட்டும், அதுவும் குடும்பத்தாரைக் கேட்டபின், சொல்லலாம். வாட்ஸ்அப் குழுவில் போடும் குறிப்புகளுக்கும் இதுவே பொருந்தும். கேமராவைக் கவனிக்கும் அந்தத் தம்பியிடம் நான் சொன்னதும், எங்கள் பகுதியை உடனே வெட்டி நீக்கிவிட்டான். அப்படி நீக்கச் சொல்லி அதுவரை யாருமே அவனிடம் கேட்டதில்லையாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
பாளையங்கோட்டை