கத்தியை எடுக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள், டாக்டர்

தமிழ்நாட்டின் எலும்பு மூட்டு மருத்துவர்களுக்கு,

வணக்கம். மூட்டு மாற்ற என் அப்பாவின் வலது முட்டியைத் திறந்த டாக்டர் பாதியில் வெளியே வந்து எங்களைக் கூப்பிட்டார். "உள்ளே எல்லாம் கரியாட்டம் இருக்கு. முன்னாடி கட்டி கிட்டின்னு யாராவது சொன்னாங்களா?" புற்றா, சீழா என்று தெரியாமல் அன்று மூடிவிட்டார்கள். துணுக்கை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பி, மூன்று வாரம் கழித்து மறுபடி திறந்தார்கள். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. கறுத்த மூட்டை அவர் அதற்குமுன் பார்த்ததில்லை. ஆனால் அந்த மூன்று வாரமும் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

நோயின் பெயர் அல்காப்டோனூரியா. ஹெச்.ஜி.டி. மரபணு தாய் வழியிலும் தந்தை வழியிலும் பழுதாக வந்தால், புரதத்திலிருந்து உடம்பில் உண்டாகும் ஹோமோஜென்டிசிக் அமிலத்தை உடம்பால் உடைக்க முடியாது. பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும். மிச்சம் வருடக்கணக்கில் குருத்தெலும்பில் படிந்து, அதைக் கறுப்பாக்கி நொறுங்க வைக்கும். இது பரம்பரையாக வருவது என்று ஆர்ச்சிபால்ட் கேராட் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1902-லேயே எழுதிவிட்டார். எங்கோ இருக்கும் நோய் என்றும் தள்ள முடியாது. நம் ஊர் நரிக்குறவர் மக்களிடம் இது அதிகம் இருப்பது மரபணு ஆய்வில் தெரியவந்திருக்கிறது. எங்கள் வீட்டில் தாத்தாவும் பாட்டியும் அத்தை மகன், மாமன் மகள்.

கண்டுபிடிக்க ஸ்கேன் எல்லாம் வேண்டாம். அப்பா குழந்தையாக நனைத்த துணி சோப்புப் போட்டதும் கறுத்துவிடுமாம். "பிள்ளைக்குச் சூடு" என்று பாட்டி இளநீர் கொடுத்திருக்கிறாள். சிறுநீரை ஒரு பாட்டிலில் பிடித்து மூடாமல் வைத்தால் மெல்ல மெல்ல டிக்காஷன் நிறத்துக்கு வரும், அப்புறம் கறுக்கும். காது மடலில் நீலம், கண் வெள்ளையில் பழுப்புத் திட்டு. நாற்பதுகளிலேயே முதுகும் முட்டியும் போனவர் உங்கள் ஓபிக்கு வந்தால், "சிறுநீர் கறுக்குமா?" என்று கேளுங்கள். சந்தேகம் வர அது போதும்.

மயக்க மருத்துவருக்கும் இது முன்கூட்டியே தெரிய வேண்டும். முதுகெலும்பு இறுகிக் கிடப்பதால் முதுகில் மயக்க ஊசி ஏற்றுவது கஷ்டம், கழுத்து வளையாததால் மூச்சுக்குக் குழாய் இறக்குவதும் பாடு. இதய வால்வு சுருங்கியிருக்கலாம், எக்கோ எடுக்காமல் மேசையில் ஏற்றக்கூடாது. தசைநாரும் லேசில் அறுந்துவிடும். மற்றபடி, புது மூட்டு உலோகமும் பிளாஸ்டிக்கும்தானே, அதை இந்த அமிலம் ஒன்றும் செய்வதில்லை. அப்பா இப்போது டீக்கடை வரை தனியாக நடக்கிறார்.

நிட்டிசினோன் என்ற மாத்திரை இந்த அமிலத்தை வெகுவாகக் குறைக்கிறது. ஐரோப்பாவில் பெரியவர்களுக்கு 2020-இல் அனுமதி கிடைத்தது. தேய்ந்த மூட்டை அது திருப்பித் தராது. அதனால் ஒருவருக்கு இருப்பது தெரிந்தால், கூடப்பிறந்தவர்களையும் வரச் சொல்லுங்கள். நாலில் ஒருவருக்கு வாய்ப்பு உண்டு.

எங்களை யாரும் அப்படி வரச் சொல்லவில்லை. நாங்களாகத்தான் சித்தப்பாவின் சிறுநீரைப் பாட்டிலில் பிடித்து ஜன்னலோரம் வைத்தோம். காலையில் கறுத்திருந்தது. அவருக்கு அடுத்த மாதம் இடுப்பு மூட்டு மாற்று. ஃபைலின் மேல் அட்டையில் சிவப்புப் பேனாவால் நோயின் பெயரை நானே எழுதி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகள்