ரினியூவல் நோட்டீஸில் தொகையோடு நிறுத்திவிடாதீர்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். நம் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பலர் இப்போது கேட்பது ஒரே கேள்விதான்: "ஜிஎஸ்டியை எடுத்துட்டாங்களாமே, எனக்கு ஏன் அந்த அளவுக்குக் குறையலை?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தோம். எழுதும்போது, அதைவிட முக்கியமான சில விஷயங்களும் சேர்ந்துகொண்டன.

முதலில் ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல், தனிநபரும் குடும்பமும் எடுக்கும் ஆயுள், மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு 18 சதவீத வரி கிடையாது. 20,000 ரூபாய் பிரீமியத்துக்கு முன்பு 23,600 கட்டினீர்கள். இப்போது 20,000 போதும். ஆனால் வரி போனதோடு, நிறுவனங்கள் தங்கள் செலவுகளுக்குக் கட்டும் ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்ளும் வசதியும் போய்விட்டது. அந்தச் செலவைப் பிரீமியத்தில் ஏற்றியிருக்கலாம். இதற்கிடையில் உங்கள் வயது அடுத்த கட்டத்துக்கு ஏறியிருக்கலாம், நிறுவனமே கட்டணத்தைத் திருத்தியிருக்கலாம். போன வருட ரசீதில் வரிக்கு முந்தைய தொகை தனியாக இருக்கும். அதையும் இந்த வருடத் தொகையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எவ்வளவு ஏற்றியிருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். கம்பெனிகள் தொழிலாளர்களுக்கு எடுக்கும் குரூப் பாலிசிக்கு இந்த விலக்கு இல்லை. அதற்கு பில்லில் 18 சதவீதம் போட்டிருந்தால் முதலாளிகள் சண்டைக்குப் போக வேண்டாம்.

60 வயது தாண்டியவர்களுக்கு இன்னொரு சேதி. மூத்த குடிமக்களின் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தை ஒரே ஆண்டில் 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்த வேண்டுமானால், ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயிடம் முன்கூட்டியே கலந்து பேச வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்தது. திடீரென்று பெரிய ஏற்றம் தெரிந்தால் நோட்டீஸோடு வாருங்கள், காரணம் கேட்டு எழுதுவோம்.

சரி, எங்களுக்கு உண்மையில் கவலை தருகிற விஷயத்துக்கு வருகிறோம். உங்களில் பலர் வைத்திருப்பது பல வருடங்களுக்கு முன் எடுத்த 3 லட்ச ரூபாய் பாலிசி. அதில் அறை வாடகை ஒரு நாளைக்குக் காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம், அதாவது 3,000 ரூபாய் என்று இருக்கும். கோயம்புத்தூரில் பெரிய மருத்துவமனை ஒன்றில் 6,000 ரூபாய் அறையில் 5 நாள் தங்கியதாக வைத்துக்கொள்வோம். வித்தியாசம் நாளைக்கு 3,000, ஆக மொத்தம் 15,000 ரூபாய்தானே, கையிலிருந்து கொடுத்துவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். கணக்கு அப்படிப் போகாது. அனுமதித்ததைவிட இரண்டு மடங்கு வாடகையுள்ள அறையை எடுத்தால், டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் எல்லாவற்றிலும் பாதிதான் கொடுப்பார்கள். பில்லில் அவை 1,40,000 என்றால் 70,000தான் வரும். மருந்து, டெஸ்ட் செலவு 50,000 என்றால் அதில் இந்த வெட்டு இல்லை. ஆக 2,20,000 ரூபாய் பில்லில் 1,35,000 வரும். மீதி 85,000 உங்கள் பையிலிருந்து. அட்மிஷன் கவுன்டரில் "ஏசி ரூமா, சாதாரண ரூமா" என்று கேட்கும்போது யாரும் இதைச் சொல்வதில்லை.

எல்லா பாலிசியிலும் இந்த வெட்டு கிடையாது. உங்களுடையதில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் ஜிஎஸ்டி பற்றிய கவலையைவிட அவசரம். பாலிசியோடு வாடிக்கையாளர் தகவல் தாள் என்று ஒன்று தருகிறார்கள். வாடகை வரம்பு, பில்லில் நீங்கள் பங்கு போட வேண்டிய சதவீதம், சில நோய்களுக்குக் கிளெய்ம் கிடைக்காத ஆரம்பக் காத்திருப்புக் காலம் எல்லாம் அதில் இருக்கும். தமிழில் வேண்டும் என்று கேட்டால் தமிழிலேயே தர வேண்டும் என்பது விதி. கேட்டு வாங்குங்கள். ரோபோ அறுவை சிகிச்சை போன்ற புது முறைகளுக்குச் சில பாலிசிகளில் தனி உச்சவரம்பு உண்டு. அதையும் அதிலேயே பார்க்கலாம்.

வரி மிச்சமானதை என்ன செய்வது என்று கேட்டால், சூப்பர் டாப்-அப் சேர்த்துக்கொள்ளுங்கள் என்போம். டாப்-அப் என்பது, செலவு ஒரு குறிப்பிட்ட வரம்பைத் தாண்டிய பிறகு மேற்கொண்டு ஆவதைக் கொடுக்கும் கூடுதல் பாலிசி. வெறும் டாப்-அப் வேறு, சூப்பர் டாப்-அப் வேறு. முதல் வகையில் ஒவ்வொரு சிகிச்சையின் பில்லும் தனித்தனியாக வரம்பைத் தாண்ட வேண்டும். இரண்டாவதில் வருடத்தின் மொத்தச் செலவு தாண்டினால் போதும். கீமோ மாதிரி திரும்பத் திரும்ப அட்மிட் ஆகிற நோய்க்கு முதல் வகை உதவாமலே போகக்கூடும்.

அப்புறம், ஓடிபி. இப்போது பாலிசி எடுக்க பேனா தேவையில்லை. போனில் யாரோ கேள்வி கேட்கிறார், அவரே டிக் அடிக்கிறார், கடைசியில் வரும் ஓடிபியைச் சொல்கிறீர்கள். அந்த எண்தான் உங்கள் கையெழுத்து. சர்க்கரை, பிபி, முன்பு செய்த ஆபரேஷன் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று டிக் விழுந்திருந்தால் சொன்னது நீங்கள்தான் என்று ஆகிவிடும். இது எங்கே மாட்டும் தெரியுமா? நெஞ்சுவலி என்று அட்மிட் ஆன இரவில் டியூட்டி டாக்டர் "எத்தனை வருஷமா சுகர்?" என்று கேட்பார். பதற்றத்தில் மகன் "அது ஒரு பத்து வருஷமா இருக்குங்க" என்பார். கேஸ் ஷீட்டில் அப்படியே ஏறும். கிளெய்ம் பார்க்கிறவர் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.

இருக்கும் நோயைச் சொல்லிவிட்டு எடுப்பதில் இப்போது முன்புபோல அவ்வளவு நஷ்டம் இல்லை. ஏற்கெனவே இருக்கும் நோய்க்கான காத்திருப்பு 48 மாதம் வரை இருந்ததை 2024-இல் அதிகபட்சம் 36 மாதமாகக் குறைத்துவிட்டார்கள். தொடர்ந்து 5 வருடம் பாலிசி நடந்துவிட்டால், மோசடி என்று நிரூபித்தாலொழிய, "மறைத்தீர்கள்" என்று சொல்லி மறுக்கவும் முடியாது. முன்பு இது 8 வருடம். இதனால்தான், பழைய பாலிசியை விட்டுவிட்டுப் புதிது எடுங்கள் என்று யாராவது சொன்னால் ஒருமுறை எங்களிடம் கேளுங்கள். புதிதாக எடுத்தால் இந்தக் காலக்கணக்கு முதலிலிருந்து தொடங்கும். போர்ட் செய்தால், அதாவது இருக்கும் பாலிசியை அப்படியே வேறு நிறுவனத்துக்கு மாற்றினால், ஓடிய காலம் கூடவே வரும். போர்ட் செய்ய நினைப்பவர்கள் கடைசி வாரத்தில் வர வேண்டாம், ஒன்றரை மாதம் முன்னாலேயே வந்துவிடுங்கள்.

ஆயுள் காப்பீட்டில் கால வரம்பு 3 வருடம். அதற்குப் பிறகு நிறுவனம் பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது. பீடி, சிகரெட் பழக்கத்தை மறைக்காதீர்கள். பிரீமியம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். டெபாசிட் போட வங்கிக்குப் போய், வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால் பாலிசி என்று வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆவணம் கைக்கு வந்த 30 நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால், சிறு கழிவு போகப் பணம் திரும்பும். அந்த நாளைத் தவறவிட்டவர்களுக்கும் 2024 அக்டோபருக்குப் பிந்தைய புது விதியில் நிலைமை பரவாயில்லை: ஒரு வருட பிரீமியம் முழுதாகக் கட்டியிருந்தாலே பாலிசியைப் பாதியில் விட்டால் திரும்பக் கிடைக்கும் சரண்டர் தொகை ஏதோ ஒன்று உண்டு. லாபம் என்று சொல்ல மாட்டோம்.

கடைசியாக, போன் அழைப்புகள். 2024-இல் ஒரு பெரிய மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் டெலிகிராமில் கசிந்த செய்தியைப் படித்திருப்பீர்கள். ஆகவே அழைப்பவர் உங்கள் பாலிசி எண்ணையும் பிறந்த தேதியையும் சரியாகச் சொன்னாலும் நம்ப வேண்டியதில்லை. "லேப்ஸ் ஆன பாலிசிக்கு போனஸ் வந்திருக்கு, ஜிஎஸ்டி மட்டும் கட்டிடுங்க" என்பது அவர்களுடைய பழைய பாட்டு. இப்போது அந்த ஜிஎஸ்டியே இல்லை. ஐஆர்டிஏஐ யாருக்கும் போன் செய்து பாலிசி விற்பதும் இல்லை, போனஸ் தருவதும் இல்லை.

கையில் பணம் கட்டாமல் நிறுவனமே மருத்துவமனைக்குக் கொடுக்கும் கேஷ்லெஸ் அனுமதிக்கு 1 மணி நேரம், டிஸ்சார்ஜ் ஒப்புதலுக்கு 3 மணி நேரம் என்று 2024-இல் விதி வந்துவிட்டது. தாமதத்தால் மருத்துவமனை கூடுதலாகப் போடும் கட்டணம் நிறுவனத்தின் பொறுப்பு. மணி போட்டுக் குறித்துவையுங்கள். நிறுவனத்திடம் எழுத்தில் புகார் செய்தும் நியாயம் கிடைக்காவிட்டால் சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். மனு எழுத நாங்கள் உதவுகிறோம்.

இந்த மாதம் ரினியூவல் இருப்பவர்கள் பழைய பாலிசி நகல், போன வருட ரசீது, இப்போது சாப்பிடும் மாத்திரைச் சீட்டு மூன்றையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். அரை மணி நேரம் ஒதுக்கி வந்தால் எல்லாவற்றையும் உட்கார்ந்தே பார்த்துவிடலாம். ஞாயிறு விடுமுறை.

இப்படிக்கு,
உங்கள் காப்பீட்டு ஆலோசனை அலுவலகம், கரூர்