தகட்டைக் குறை சொல்லும் முன் பெட்டியைத் திறந்து பாருங்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மானியத்தில் வாங்கிய சோலார் பம்ப்செட்டுகள் சில வருடங்களிலேயே விட்டு விட்டு ஓடுகின்றன, குறுவை நாற்றங்காலுக்குக்கூடத் தண்ணீர் இறைக்க முடியவில்லை என்று டெல்டா விவசாயிகள் புலம்புவதைத் தங்கள் நாளிதழில் செய்தியாகப் போட்டிருந்தீர்கள். அவர்கள் பட்ட பாடு அத்தனையும் உண்மை. ஆனால் கடைசிப் பத்தியில், தரமற்ற சோலார் தகடுகளே காரணம் என்று முடித்துவிட்டீர்கள். அந்த ஒரு வரியை நம்பி, நன்றாக இருக்கும் தகட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கடன் வாங்கிப் புதுத் தகடு வாங்க யாரும் கிளம்பிவிடக் கூடாதே என்றுதான் இதை எழுதுகிறேன்.

நீடாமங்கலம் பக்கம் போர்டு ரிப்பேர் கடை வைத்திருப்பவன் நான். ஒரு காலத்தில் டி.வி., அப்புறம் இன்வெர்ட்டர், இப்போது பாதிக்குமேல் சோலார் பம்ப் கண்ட்ரோலர், அதாவது தகட்டுக்கும் மோட்டாருக்கும் நடுவில் இருக்கும் பெட்டி. பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்தபின் பெட்டி என் மேஜைக்குத்தான் வரும். அப்படி வருபவற்றில் பெரும்பாலானவற்றில் தகட்டின் மீது குற்றமில்லை. கெட்டுப்போயிருப்பது, மின்சாரத்தைச் சிறிது நேரம் சேர்த்து வைத்துத் தரும் கண்டன்சர்.

தகடு தருவது டி.சி. மோட்டார் கேட்பது த்ரீ பேஸ் ஏ.சி. நடுவில் இருக்கும் பெட்டி அந்த டி.சி.யை நறுக்கி ஏ.சி.யாக்கித் தருகிறது. நறுக்கும் இடத்துக்கு முன்னால், ப்ளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் குறுக்கே, பெரிய உருளைக் கண்டன்சர்கள் நிற்கும். மெக்கானிக் உட்பட நிறையப் பேர் இதை 'கரண்ட்டைச் சுத்தம் பண்ற சாமான்' என்றுதான் நினைக்கிறார்கள். அதைவிடப் பெரிய வேலை அதற்கு இருக்கிறது.

ஈ.பி. லைனில் வோல்ட்டேஜ் குறைந்தாலும் பின்னால் மாநிலம் முழுக்க ஓடும் மின்தொகுப்பு நிற்கிறது. தகட்டுக்குப் பின்னால் வெயிலைத் தவிர எதுவும் இல்லை. அந்த நேரத்து வெயிலால் தர முடிந்ததைவிட மோட்டார் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டுவிட்டால் வோல்ட்டேஜ் இறங்கும். இறங்கிய வோல்ட்டேஜில் அதே வேலையைச் செய்யக் கூடுதல் கரண்ட் வேண்டும். தகட்டால் ஓர் எல்லைக்குமேல் கரண்ட் தர முடியாது. ஆகவே வோல்ட்டேஜ் இன்னும் இறங்கும், இன்னும் கரண்ட் கேட்கும், கண்மூடித் திறப்பதற்குள் எல்லாம் படுத்துவிடும். இந்தச் சரிவு தொடங்கும்போதே பிடித்து நிறுத்துவதுதான் கண்ட்ரோலரின் முழுநேர வேலை. வோல்ட்டேஜை ஓயாமல் அளந்து, இறங்கினால் மோட்டாரின் ஹெர்ட்ஸை, அதாவது அதன் வேகத்தைத் தீர்மானிக்கும் ஏ.சி. அதிர்வெண்ணைக் குறைக்கும், ஏறினால் கூட்டும். விளைவைப் பார்த்துச் செயலைத் திருத்துவதால் இதைப் பின்னூட்டம் என்கிறார்கள். மையவிலக்கு பம்பில் இது கைகொடுக்கும். வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் தேவைப்படும் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

ஆனால் அளப்பதற்கும் கணக்குப் போடுவதற்கும் மோட்டாரைத் தணிப்பதற்கும் நேரம் வேண்டும் அல்லவா? அந்த நேரத்தை வாங்கிக் கொடுப்பது கண்டன்சர்.

எவ்வளவு நேரம்? என்னிடம் வரும் 5 ஹெச்.பி. பெட்டி ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். டி.சி. வோல்ட்டேஜ் சுமார் 540. உள்ளே 1000 மைக்ரோபாரட் கொள்ளளவுள்ள கண்டன்சர் இரண்டைத் தொடராகக் கோத்திருக்கிறார்கள். தொடராகக் கோத்தால் கொள்ளளவு பாதியாகும், ஆகவே கணக்குக்கு 500. வோல்ட்டேஜ் 540-லிருந்து 400-க்கு இறங்குவதற்குள் அதிலிருந்து கிடைக்கும் ஆற்றல் சுமார் 33 ஜூல். மோட்டார் 4 கிலோவாட் இழுக்கும்போது தகடு எதுவுமே தராவிட்டால் அது 8 மில்லி வினாடிக்கு வரும். தகடு பாதி கொடுத்தால் 16. அவ்வளவுதான் அவகாசம், அதுவும் புதுக் கண்டன்சருக்கு.

கண்டன்சருக்குள் இருக்கும் திரவம் வற்றிக் கொள்ளளவு பாதியாகிவிட்டால் அவகாசமும் பாதி. அதோடு போனால்கூடப் பரவாயில்லை. பாதிக் கண்டன்சரில், ஹெர்ட்ஸில் செய்யும் அதே அளவு திருத்தத்துக்கு வோல்ட்டேஜ் இரண்டு மடங்கு வேகமாக நகரும். கண்ட்ரோலருக்கு மென்பொருள் எழுதியவர், எவ்வளவு இறங்கினால் எவ்வளவு திருத்த வேண்டும் என்பதை முழுக் கண்டன்சரை மனதில் வைத்து எழுதியிருப்பார். இப்போது அந்தத் திருத்தம் மிகையாகிவிடுகிறது. ஹெர்ட்ஸைக் குறைத்தால் வோல்ட்டேஜ் வேண்டியதைவிட மேலே துள்ளுகிறது. அதைப் பார்த்துக் கூட்டினால் மறுபடி பள்ளத்தில் விழுகிறது. டிஸ்ப்ளேயில் 38, 45, 36, 46 என்று எண் ஆடிக்கொண்டே இருக்கும். கடைசியில் 'லோ வோல்ட்டேஜ்' காட்டி நின்று, சற்று நேரம் கழித்துத் தானே கிளம்பி, மறுபடி நிற்கும். "தம்பி, வெயில் கொளுத்துது, தண்ணி மட்டும் கொப்பளிச்சுக் கொப்பளிச்சு வருது" என்று வடுவூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் சொன்னது இதைத்தான்.

பழைய ஆயில் எஞ்சின் வைத்து இறைத்தவர்களுக்கு இது புதிதல்ல. எஞ்சின் வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னரின் லிங்க் தேய்ந்து ஆட்டம் கண்டுவிட்டால் எஞ்சின் சீறும், அடங்கும், மறுபடி சீறும். டீசலையும் குறை சொல்ல முடியாது, பிஸ்டனையும் குறை சொல்ல முடியாது. கவர்னர்கள் எப்போது நிலைகொள்ளும், எப்போது இப்படி ஊசலாடும் என்று இயற்பியல் அறிஞர் மாக்ஸ்வெல் 1868-லேயே சமன்பாடு போட்டுவிட்டார். அதே நோய்தான் 150 வருடம் கழித்து நம் வரப்பு ஓரத்துப் பெட்டிக்குள் வந்திருக்கிறது.

பிறகு ஏன் எல்லோரும் தகட்டைச் சொல்கிறார்கள்? பார்க்க வருபவர் முதலில் தகட்டைத்தான் பார்க்கிறார். தூசி இருக்கும், காக்கை எச்சம் இருக்கும், கழுவச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். மீட்டர் வைத்துப் பார்ப்பவருக்கும் ஒரு குழப்பம். மோட்டார் நிற்கும்போது அளந்தால் தகட்டில் வோல்ட்டேஜ் முழுதாக இருக்கும், ஓடும்போது அளந்தால் சரியும். 'லோடு தாங்கவில்லை, தகடு போச்சு' என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார். அந்தச் சரிவு தகட்டின் பலவீனமாகவும் இருக்கலாம், கண்ட்ரோலரின் தடுமாற்றமாகவும் இருக்கலாம். மேகமே இல்லாத நண்பகலில், கழுவிய தகட்டிலும் எண் ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் முதல் சந்தேகம் பெட்டி மேல்தான் விழ வேண்டும். காலையிலும் மாலையிலும் மட்டும் நிற்கிறது என்றால் அது வெயில் பற்றாமை, அதற்குப் பழுது பார்க்க எதுவும் இல்லை.

கண்டன்சர் ஏன் வற்றுகிறது என்று கேட்டால், உஷ்ணம். உள்ளே அலுமினியத் தாளும் திரவத்தில் ஊறிய காகிதமும் சுருட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. திரவம் ஆவியாக ஆவியாகக் கொள்ளளவு குறையும், உள் தடை கூடும். உள் தடை கூடினால் ஓடும் கரண்ட்டால் உள்ளேயே சூடு ஏறும், சூட்டால் இன்னும் வற்றும். உறைமேல் 85 டிகிரி என்றோ 105 டிகிரி என்றோ அச்சிட்டிருப்பார்கள். அந்த உஷ்ணத்தில் இத்தனை மணி நேரம் உழைக்கும் என்பது தயாரிப்பாளரின் கணக்கு; 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரண்டு மடங்கு என்பது தொழிலில் எல்லோரும் கையாளும் தோராயம். பெட்டிக்குள் 75 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 85 டிகிரியில் 2000 மணி நேரம் என்று உள்ளது 4000 மணி நேரம் வரும். தினம் எட்டு மணி நேரம் ஓடும் பம்புக்கு அது 500 நாள். 105 டிகிரியில் 2000 என்று உள்ளதோ 16,000 மணி நேரம், அதாவது ஐந்து வருடத்துக்குமேல். 105 டிகிரி சாமானின் விலை ஒன்றும் மலையளவு கூடுதல் இல்லை. இதில் மிச்சம் பிடிப்பவர்களை என்னவென்று சொல்வது?

பெட்டியை மாட்டும் இடத்திலும் கோளாறு நடக்கிறது. தகடு தெற்குப் பார்த்துச் சாய்ந்திருப்பதால் பின்பக்கம், அதாவது வடக்குப் பக்கத் தூணில் மாட்டினால் நிழல்தானே என்று மாட்டிவிடுகிறார்கள். நம் ஊருக்கு அது வருடம் முழுக்கச் சரிவராது. ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஆகஸ்ட் பிற்பகுதிவரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. குறுவைக்குப் பம்ப் அதிகமாக ஓடும் மாதங்களில்தான் வடக்குத் தூணில் இருக்கும் பெட்டி நேர் வெயிலில் வேகிறது. தகட்டின் நடுப்பகுதிக்கு நேர் கீழே தள்ளி மாட்டி, மேலே இடைவெளி விட்டு ஒரு தகரக் கூரை போட்டால் போதும். தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. அங்கிருந்து வரும் பெட்டிகளில் காற்றுத் துளைக்கு உள்ளே பச்சை பூத்திருக்கும். பல்லியும் எறும்பும் எல்லா ஊரிலும் உண்டு.

இனி என் தொழில்காரர்களிடம் கொஞ்சம் கோபமாகவே பேச வேண்டியிருக்கிறது. மைக்ரோபாரட்டும் வோல்ட்டும் ஒத்துப் போனால் போதும் என்று மாற்றுகிறார்கள். உள் தடை எவ்வளவு, எத்தனை ஆம்பியர் ஏற்ற இறக்கத்தைத் தாங்கும், எத்தனை டிகிரி என்று பார்ப்பதில்லை. தொடராக இருக்கும் இரண்டில் உப்பியதை மட்டும் மாற்றிவிட்டுப் பழையதை அப்படியே விடுகிறார்கள். அப்போது வோல்ட்டேஜ் சரிபாதியாகப் பிரியாது, ஒன்றின் தலையில் கூடுதலாக ஏறி அது வெடிக்கும். இரண்டையும் சேர்த்து மாற்றி, குறுக்கே இருக்கும் சமன் ரெசிஸ்டர்களையும் அளந்து பார்க்க வேண்டும். பழைய கண்டன்சருக்குப் புது உறை மாட்டி விற்பவர்களும் சந்தையில் இருக்கிறார்கள். வாங்கியதும் மீட்டரில் வைத்துப் பார்க்காமல் சால்டர் பண்ணாதீர்கள்.

'பெரிசா ஒண்ணு போட்டா பிரச்சினையே வராதுல்ல அண்ணே' என்று கேட்கும் தம்பிகளும் உண்டு. வராது என்று சொல்ல முடியாது. திருத்தம் போடும் கணக்கு ஒரு குறிப்பிட்ட கண்டன்சருக்காக எழுதியது. அளவுக்கு மிஞ்சிப் போட்டால் சில பெட்டிகளில் ஆட்டம் நிற்பதற்குப் பதிலாக நிதானமாக ஆட ஆரம்பிக்கும். போதாததற்கு, என்றாவது ஷார்ட் ஆனால் சேர்த்து வைத்த ஆற்றல் முழுவதும் டி.சி.யை நறுக்கும் பவர் மாட்யூலில் இறங்கும்.

டிஸ்ப்ளேயே வராமல் செத்துக் கிடக்கும் பெட்டி வேறு கதை. காதை வைத்துக் கேட்டால் 'டிக், டிக்' என்று சத்தம் வரும். கட்டுப்பாட்டு போர்டுக்குச் சின்ன வோல்ட்டேஜ் தரும் பகுதியில் யு.சி. 3842 என்ற சிப் இருந்தால், அது 16 வோல்ட் வந்ததும் கிளம்பும், 10-க்குக் கீழே போனால் நின்றுவிடும். இடையில் அதைத் தாங்கிப் பிடிக்க விரல் நுனி அளவு கண்டன்சர் ஒன்று இருக்கிறது. அது வற்றிவிட்டால் கிளம்புவதும் நிற்பதுமாகவே இருக்கும். ஒரு டீ விலைகூட இல்லாத சாமானுக்காக மொத்த போர்டையும் மாற்றச் சொல்லி ஆயிரக்கணக்கில் கொட்டேஷன் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

படித்துவிட்டு ஸ்குரூடிரைவரோடு யாரும் பெட்டியைத் திறக்கக் கிளம்ப வேண்டாம். தகட்டு இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சான ஐசொலேட்டரை அணைத்தபின்னும் கண்டன்சரில் உயிரைப் பறிக்கும் அளவு வோல்ட்டேஜ் நிற்கும். பகலில் ஐசொலேட்டர் வரை வரும் தகட்டுக் கம்பியில் எப்போதும் கரண்ட் இருக்கும். மோட்டார் ஓடும்போது தகட்டு கனெக்டரை உருவாதீர்கள், டி.சி. தீப்பொறி ஏ.சி. போல லேசில் அணையாது. கண்டன்சர் கால்களை ஸ்குரூடிரைவரால் ஷார்ட் செய்யும் வீரமும் வேண்டாம். காத்திருந்து, மீட்டரில் பார்த்து, மிச்சம் இருந்தால் தகுந்த ரெசிஸ்டர் வழியாக இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

அரசிடம் கேட்பதற்கும் இருக்கிறது. மானியத்தில் பெட்டி கொடுக்கும்போது தகட்டுக்கு எத்தனை வாட், எத்தனை வருட உத்தரவாதம் என்று துருவித் துருவிக் கேட்கிறார்கள். கண்டன்சர் எத்தனை டிகிரி, எத்தனை மணி நேரம் என்பதையும் டெண்டரில் கேட்டு, அதைப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டச் சொல்ல வேண்டும். கூடவே கொள்ளளவு, வோல்ட், பிழை எண்களின் பொருள் இவற்றைத் தமிழில் அச்சிட்ட ஒரு தாளும் வேண்டும். இப்போது சில பெட்டிகளில் சாமானின் எண்ணையே சுரண்டி அழித்து அனுப்புகிறார்கள். உத்தரவாதக் காலம் முடிந்தபின் விவசாயி எங்கே போவான்? ஐ.டி.ஐ. பிள்ளைகளுக்கு மோட்டார் வைண்டிங்கோடு கண்டன்சரின் உள் தடையை அளக்கவும் ஒரு பிராக்டிகல் வைத்தால், ஊருக்கு ஒருவராவது தேறுவார்.

தங்கள் நிருபர் அடுத்த முறை அந்த விவசாயிகளைப் பார்க்கப் போனால், நண்பகலில் டிஸ்ப்ளேயில் ஓடும் ஹெர்ட்ஸ் எண்ணை ஒரு ஐந்து நிமிடம் குறித்துவரச் சொல்லுங்கள். அதையும் செய்தியில் போடுங்கள்.

இப்படிக்கு,
போர்டு மெக்கானிக் ஒருவர்,
நீடாமங்கலம், திருவாரூர் மாவட்டம்.