கடலில் தேடுவதைச் சட்டக் கடமையாக்குங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். 2017 நவம்பர் இறுதியில் ஓகி புயல் வந்தபோது எங்கள் கன்னியாகுமரி மாவட்டக் கடலோர ஊர்களான தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் படகுகள் பல ஏற்கெனவே ஆழ்கடலில் தங்கல் தொழிலில், அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கும் தொழிலில் இருந்தன. எச்சரிக்கை அதிலிருந்த மீனவர்களை எட்டவே இல்லை. டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். எங்கள் ஆட்களைத் தேடுங்கள் என்று கேட்பதற்கு ரயிலை மறிக்க வேண்டியிருந்தது. அந்த நிலை இன்னொரு முறை வரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் பதிவு, உரிமம், எந்தப் படகு எங்கே தொழில் செய்யலாம், மீறினால் என்ன அபராதம் என்பதையே பேசுகிறது. போன படகு திரும்பாவிட்டால் யார், எவ்வளவு நேரத்துக்குள் தேடத் தொடங்க வேண்டும்? 12 கடல் மைலுக்கு அப்பால் மத்திய அரசின் எல்லை, தேடுவது கடலோரக் காவல் படையின் வேலை என்பார்கள். சரிதான். ஆனால் புகார் வாங்குவதும், உடனே தகவல் சொல்வதும், உள்ளூர்ப் படகுகளை அனுப்புவதும் மாநில அரசின் கையில்தானே இருக்கிறது?

கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துக் கிடப்பவர் கவிழ்ந்த இடத்திலேயே இருக்க மாட்டார். நீவாடு (கடல் நீரோட்டம்) இழுக்கும் பக்கம் போய்க்கொண்டே இருப்பார். அன்று நீவாடு எந்தப் பக்கம், எந்த ஆழத்தில் தூண்டில் போட்டிருப்பார்கள் என்று அதே ஊர் ஸ்ராங்கு (படகை ஓட்டிச் செல்லும் தலைவர்) சொல்லிவிடுவார். அவரைத் தேடும் கப்பலில் ஏற்றிக்கொள்ளாமல் தேடுவது பொன்னான மணி நேரங்களை வீணாக்குவதாகும். விசைப்படகுகளுக்கு, படகு இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் வழியாகத் தெரிவிக்கும் டிரான்ஸ்பாண்டர் கருவி வந்தது நல்ல முன்னேற்றம்தான், ஆனால் சின்ன வள்ளங்களில் போகிறவர்கள் திரும்பாவிட்டால் ஊர்க்காரர்கள்தான் டீசலுக்குப் பணம் பிரித்துத் தேடப் போகிறார்கள்.

காணாமல் போனவரை இறந்தவராகக் கருதச் சட்டப்படி பொதுவாக ஏழாண்டு ஆக வேண்டும். ஓகியில் காணாமல் போனவர்களின் குடும்பங்களை அப்படிக் காக்க வைக்காமல் அரசு 20 லட்சம் ரூபாய் நிவாரணம் கொடுத்தது. அது அந்தப் பேரிடருக்கென எடுத்த முடிவு. ஒற்றைப் படகு மூழ்கினால் அதே நியாயம் தானாகக் கிடைப்பதில்லை.

ஆகவே தமிழக அரசு இதற்கெனத் தனிச் சட்டம் கொண்டுவர வேண்டும். புகார் வந்த ஒரு மணி நேரத்துக்குள் கடலோரக் காவல் படைக்குத் தகவல் போக வேண்டும். தேடும் கப்பலில் உள்ளூர் மீனவர் இருக்க வேண்டும். தேடப் போகும் படகுகளின் டீசல் செலவை அரசு ஏற்க வேண்டும். தேடலை நிறுத்தினால், அதற்கான காரணத்தைக் குடும்பத்துக்கு எழுத்தில் தர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வள்ளவிளை, கன்னியாகுமரி மாவட்டம்