படம் முடிந்து விளக்கைப் போட்ட பிறகு

அன்புள்ள மகளுக்கு,

நேற்று இரவு நீ பேசி போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. நீயும் தோழிகள் இருவரும் சேர்ந்து மாதம் ஒரு முறை அமைதி பற்றிய படங்களை இலவசமாகத் திரையிடப்போவதாகச் சொன்னாய். நல்ல படங்களாகப் பார்த்து ஒரு பட்டியல் அனுப்பச் சொன்னாய். அப்புறம், வைக்கப்போகிற நேரத்தில் குரலைத் தாழ்த்தி, "இத்தனை வருஷமா செய்றீங்களே, இதனால ஏதாவது நடந்திருக்கா அப்பா?" என்று கேட்டாய். நான் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். அதற்கான பதிலைத்தான் இப்போது எழுதப் பார்க்கிறேன். பட்டியலாகத் தனியே போடவில்லை. படங்கள் இடையிடையே வரும், குறித்துக்கொள்.

நாங்கள் இங்கே இப்படிப் படம் திரையிட ஆரம்பித்தபோது, படமே எல்லா வேலையையும் செய்துவிடும் என்று நினைத்தோம். போரின் கொடுமையைக் கண்ணால் பார்த்துவிட்டால் அப்புறம் யார் போரை ஆதரிப்பார்கள்? உண்மையாகவே அப்படி நம்பினோம். அதனால் முதல் ஆறு மாதமும் குண்டுவீச்சு, எரிந்த வீடுகள், அகதி முகாம்கள் என்றே போட்டோம். ஒவ்வொன்றும் நல்ல படம்தான். ஆனால் விளக்கைப் போட்டதும் எல்லோரும் எழுந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வெளியே போய்விடுவார்கள். ஒரு நாள் ஓர் அம்மா வாசலில் நின்று, "எல்லாத்தையும் பார்த்தேன். இப்ப நான் என்ன செய்யணும்?" என்று கேட்டார். சண்டைக்காகக் கேட்கவில்லை. அவருக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. என்னிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகுதான் போரைக் காட்டும் படம், போர் எப்படி நின்றது என்று காட்டும் படம் என்று இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டோம். இரண்டாவது வகை குறைவு, தேடித்தான் எடுக்க வேண்டும். 2008-இல் வந்த 'ப்ரே த டெவில் பேக் டு ஹெல்' ஆவணப்படத்தை நீ கட்டாயம் போட வேண்டும். லைபீரியாவில் உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்த 2003-ஆம் ஆண்டு, கிறிஸ்தவப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் சேர்ந்து வெள்ளை உடையில் தலைநகர் மன்ரோவியாவின் மீன் சந்தை அருகே இருந்த வெட்டவெளியில் நாள்தோறும் உட்கார்ந்தார்கள். வெயிலானாலும் மழையானாலும் அதே இடத்தில். கானாவில் அமைதிப் பேச்சு வாரக்கணக்கில் இழுத்துக்கொண்டே போனபோது அங்கேயும் போய், மண்டபத்து வாசலை அடைத்து உட்கார்ந்து, உள்ளே இருந்தவர்களை வெளியே விட மறுத்தார்கள். அந்த ஆகஸ்டில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அவர்களுக்குத் தலைமை தாங்கிய லேமா போவீ 2011-இல் நோபல் அமைதிப் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இந்தப் படத்தைத் திரையிட்ட அன்று யாரும் சீக்கிரம் கிளம்பவில்லை. "நான் என்ன செய்யணும்" என்று கேட்ட அந்த அம்மாவும் வந்திருந்தார்.

முதல் திரையிடலுக்கு மட்டும் வேறொன்று சொல்கிறேன்: 2006-இல் வந்த 'தி இமாம் அண்ட் த பாஸ்டர்'. ஒரு மணி நேரத்துக்கும் குறைவுதான், பேசுவதற்கு நிறைய நேரம் மிஞ்சும். நைஜீரியாவின் கடூனாவில் எதிரெதிராக ஆயுதக் கும்பல்களை நடத்திய இரண்டு பேரின் கதை. பாதிரியார் ஜேம்ஸ் வூயே மோதலில் ஒரு கையை இழந்தவர். இமாம் முகமது அஷாஃபா தன் குருவையும் உறவினர்களையும் பறிகொடுத்தவர். ஒருவரையொருவர் கொல்ல நினைத்தவர்கள், பிறகு சேர்ந்து ஊர் ஊராகப் போய்ச் சமாதானம் பேசினார்கள். பகை ஒரே நாளில் கரைந்ததாகப் படம் காட்டுவதில்லை. வருஷக்கணக்காக ஒருவரையொருவர் சந்தேகப்பட்டதையும் அவர்களே சொல்கிறார்கள். அதனாலேயே அதை நம்ப முடிகிறது.

இப்போது உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

நான்காவது வருஷம் என்று நினைக்கிறேன். போர் முடிந்து வீடு திரும்பிய சிப்பாய்களைப் பற்றிய படம். நான்தான் நெறியாளர். சிறப்புப் பேச்சாளராக ஒரு பேராசிரியர் வந்திருந்தார், அவர் சீக்கிரம் கிளம்ப வேண்டியிருந்தது. படம் முடிந்ததும் கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். அறுபது வயது இருக்கும். "நான் ராணுவத்துல இருந்தவன்" என்று ஆரம்பித்து, நிறுத்தி, மறுபடி ஆரம்பித்தார். வார்த்தைகள் வர நேரம் எடுத்தது. நான் மணியைப் பார்த்தேன். "கேள்வியா இருந்தா சுருக்கமா கேளுங்க ஐயா" என்றேன். அவர் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். "கேள்வி ஒண்ணும் இல்லை" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். பேராசிரியர் போர்களின் காரணங்களைப் பற்றி ஐம்பது நிமிடம் பேசினார். எல்லாம் சரியான பேச்சுதான். முடிந்து நாற்காலிகளை மடக்கும்போது பார்த்தேன், அந்த மனிதர் எப்போதோ போயிருந்தார்.

அதன்பிறகு அவர் வரவே இல்லை. தேடிப்போகலாம் என்றால், அவர் பெயரைக்கூட நான் கேட்டு வைத்திருக்கவில்லை. அந்த அறையில் போரைத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். பேச வந்தவரை உட்கார வைத்தது நான். இன்று வரை ஒவ்வொரு திரையிடலிலும் படம் முடியும் நேரத்தில் என் கண் கடைசி வரிசைக்குப் போகிறது.

அன்றிலிருந்து முறையை மாற்றிக்கொண்டோம். படம் முடிந்ததும் விளக்கை மெதுவாகப் போடுவோம், இரண்டு நிமிடம் யாரும் பேசமாட்டோம். பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் மட்டும் பேசச் சொல்வோம், முன்பின் தெரியாதவராக இருந்தால் இன்னும் நல்லது. மைக்கைப் பிடிக்கக் கூச்சப்படுகிறவர்கள்கூட ஒருவரிடம் பேசிவிடுவார்கள். அதற்கு அப்புறம் நாற்காலிகளை வட்டமாகத் திருப்பிப் போட்டுப் பொதுப்பேச்சு. வந்த விருந்தினரும் அந்த வட்டத்தில் ஒருவர்தான். மற்றவர்கள் பேசியதைக் கேட்டுவிட்டு, கடைசியில் பதினைந்து நிமிடம் பேசுவார். இதை அழைக்கும்போதே சொல்லிவிட வேண்டும். சிலருக்குப் பிடிக்காது, வர மறுப்பார்கள். பரவாயில்லை.

யாரை அழைப்பது என்று கேட்டாய். விஷயம் படித்தவர்களைவிட, பட்டு அறிந்தவர்களை முதலில் தேடு. வீட்டை விட்டு ஓடி வந்தவர், காயம்பட்டவர்களுக்கு மருத்துவம் பார்த்தவர், மகனை இழந்தவர். ஆனால் ஒன்று, வலியைக் காட்சிப் பொருளாக வைத்துவிடாதே. எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரு நாள் முன்பே உட்கார்ந்து பேசிக்கொள். எந்தக் கேள்வி வேண்டாம் என்று கேட்டு வாங்கிக்கொள், அந்தக் கேள்வி வந்தால் நீயே தடுத்துவிடு. தடுக்கத் தெரிய வேண்டிய இடம் அது.

அனுபவித்தவர் யாரும் கிடைக்காவிட்டால்? ஹிரோஷிமாவில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அணுகுண்டிலிருந்து தப்பியவர்களின் சராசரி வயது 85-ஐத் தாண்டிவிட்டது. அவர்களுக்குப் பிறகு யார் சொல்வது என்று யோசித்த அந்த நகர நிர்வாகம், 2012-இல் ஆட்களைப் பயிற்றுவிக்கத் தொடங்கியது. ஒருவர் ஒரு முதியவரிடம் நீண்ட காலம் கேட்டுப் பழகி, அவருடைய நினைவுகளைத் தான் எடுத்துச் சொல்லும் பொறுப்பை ஏற்கிறார். நடந்தபோது பிறந்திராத ஒருவர் எழுந்து, "இது நான் கேட்டது, அவர் என்னிடம் சொன்னது" என்று பேசும்போது அதற்கென்று ஒரு கனம் இருக்கிறது. உங்கள் மூவரில் ஒருவர்கூட அதைச் செய்யலாம்.

படம் பார்ப்பது பாதி, பேசுவது பாதி என்பதைச் சின்னக் குழுக்கள் மட்டும் கண்டுபிடிக்கவில்லை. 1983 நவம்பர் 20 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'த டே ஆஃப்டர்' ஒளிபரப்பானது. அணு ஆயுதப் போர் வந்தால் சாதாரண நகரங்கள் என்னவாகும் என்பதுதான் கதை. சுமார் 10 கோடிப் பேர் பார்த்தார்கள். படம் முடிந்த கையோடு, பார்வையாளர்கள் முன்னிலையில் ஒரு விவாதம் நடத்தினார்கள். விஞ்ஞானி கார்ல் சேகன், முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஹென்றி கிஸ்ஸிங்கர், யூத இன அழிப்பிலிருந்து தப்பிய எழுத்தாளர் எலி வீசல் என்று ஒத்தே போகாதவர்களை ஒன்றாக உட்கார வைத்தார்கள். அதிபர் ரீகன் அந்தப் படத்தை முன்கூட்டியே பார்த்து, மனம் மிகவும் சோர்ந்துபோனதாக நாட்குறிப்பில் எழுதினார். 1987-இல் அவரும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் நடுத்தர தூர அணு ஏவுகணைகளை ஒழிக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். படத்தால்தான் அது நடந்தது என்று நான் சொல்லமாட்டேன், அப்படிச் சொல்பவர்களை நம்புவதும் இல்லை. அந்த ஒப்பந்தம் 2019-இல் முடிந்தும் போய்விட்டது. ஆனால் அந்த இரவு அத்தனை வீடுகளில் யாரும் உடனே படுக்கப் போகாமல் பேசிக்கொண்டிருந்திருப்பார்கள். அது போதுமா என்று என்னைக் கேட்டால், அதில்லாமல் எதுவும் தொடங்காது என்பேன்.

இன்னொன்றும் சொல்கிறேன். 1930-இல் வந்த 'ஆல் கொயட் ஆன் த வெஸ்டர்ன் ஃப்ரண்ட்' முதல் உலகப் போருக்குப் போன ஓர் இளம் ஜெர்மன் சிப்பாயின் கதை. அந்தப் படத்தை பெர்லினில் திரையிட்டபோது நாஜிகள் அரங்குக்குள் நாற்றக் குண்டுகளை வீசினார்கள், வெள்ளை எலிகளை அவிழ்த்துவிட்டார்கள். சில நாட்களில் படமே தடைசெய்யப்பட்டது. படத்தில் அந்த இளம் சிப்பாயாக நடித்த லூ ஏர்ஸ், இரண்டாம் உலகப் போர் வந்தபோது ஆயுதம் ஏந்த மறுத்துவிட்டார். ரசிகர்கள் வெறுத்தார்கள், அரங்குகள் அவர் படங்களைப் போட மறுத்தன. அவர் மருத்துவ உதவியாளராகப் போர்க்களம் போய்க் காயம்பட்டவர்களைக் கவனித்தார். ஒரே படம் ஒரு கூட்டத்தை எலியைத் தூக்கிக்கொண்டு ஓடி வர வைத்தது. அதில் நடித்தவரோ துப்பாக்கி இல்லாமல் போருக்குப் போனார். சோர்வு வரும்போதெல்லாம் இதைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

சில நடைமுறை விஷயங்கள். இலவசமாகக் காட்டினாலும் அனுமதி வேண்டும். வீட்டில் பார்க்கச் சந்தா கட்டியிருப்பதோ டிஸ்க் வைத்திருப்பதோ பொது இடத்தில் போடும் உரிமையைத் தந்துவிடாது. விநியோகஸ்தருக்கோ இயக்குநருக்கோ கடிதம் எழுது: எத்தனை பேர் வருவார்கள், நுழைவுக் கட்டணம் இல்லை, பிறகு கலந்துரையாடல் உண்டு என்று எல்லாவற்றையும் சொல். ஆவணப்படம் எடுப்பவர்கள் பலர் சின்னக் குழுக்களுக்கு விட்டுக்கொடுப்பார்கள், சிலர் வீடியோ அழைப்பில் பேசவும் சம்மதிப்பார்கள். படத்தை மூவரும் முழுசாக ஒரு முறை பார்க்காமல் போடாதீர்கள். கொடூரமான காட்சிகள் இருந்தால் தொடக்கத்திலேயே சொல்லி, எழுந்து போக நினைப்பவர் தயங்காமல் போக வழி விட்டு வையுங்கள். திரை சுமாராக இருந்தாலும் சமாளிக்கலாம், ஒலி சரியில்லை என்றால் ஒருவரும் உட்காரமாட்டார்கள். அதனால் காசு இருந்தால் முதலில் நல்ல ஸ்பீக்கர் வாங்குங்கள்.

ஏற்கெனவே நம் பக்கம் இருப்பவர்கள்தான் வருவார்கள் என்று உன் தோழி சொன்னாளாம். உண்மைதான், அறிவிப்பு ஒட்டினால் அவர்கள்தான் வருவார்கள். மற்றவர்களை ஒவ்வொருவராக நேரில் போய் அழைக்க வேண்டும். "நீங்க ஒத்துக்கமாட்டீங்கன்னு தெரியும், அதனாலதான் கூப்பிடுறேன்" என்று சொல்லியே அழைத்திருக்கிறேன். பத்தில் ஒருவர் வருவார். அந்த ஒருவர் வந்தால் பேச்சே மாறிவிடும். எல்லோரும் கொஞ்சம் யோசித்துப் பேசுவார்கள். அவரை அறை முழுக்கச் சூழ்ந்துகொண்டு தாக்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். போன மாதம் ஒன்பது பேர்தான் வந்தார்கள். அதற்கு முந்தைய மாதம் அந்த இமாமும் பாதிரியாரும் வரும் படத்தை மறுபடி போட்டோம். பல வருஷமாக ஒருவரோடு ஒருவர் பேசாத இரண்டு பேர் தனித்தனியாக வந்து, அறையின் இரு ஓரங்களில் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் இருப்பவரிடம் பேசச் சொன்னபோதுகூட அவர்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. எல்லாம் முடிந்து பூட்டைப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். இருவரும் இருட்டில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று தெரியாது, கேட்கவும் இல்லை. நான் வெளிவிளக்கை அணைக்காமல் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

நடந்தது இவ்வளவுதான் அம்மா. இதைப் போனில் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை.

தேதி முடிவானதும் சொல். நாற்காலி போட ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிடுகிறேன். பேசச் சொல்லாதே, கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன். அங்கே யாராவது எழுந்து தயங்கித் தயங்கிப் பேச ஆரம்பித்தால், நீ மணியைப் பார்க்காதே. முதலில் அவர் பெயரைக் கேள்.

அன்புடன்,
அப்பா