ஜோன் கிளார்க் யார்?

ஐயா,

தங்கள் ஞாயிறு மலரில், இரண்டாம் உலகப் போரில் எதிரிகளின் சங்கேதச் செய்திகளை உடைத்த பிரிட்டனின் பிளெட்ச்லி பார்க் மையம் குறித்து வெளியான கட்டுரையை வாசித்தேன். ஜெர்மானியரின் எனிக்மா சங்கேத இயந்திரத்தை அவ்வளவு விரிவாக விளக்கியவர், அங்கே பணியாற்றிய கணித வல்லுநர் ஜோன் கிளார்க்கை மட்டும் 'ஆலன் டூரிங்குக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண்' என ஒற்றை வரியில் கடந்து சென்றது மனத்தை வருத்தியது. அங்கே உடன் பணியாற்றிய கணித மேதை டூரிங்குடனான அந்த நிச்சயம் 1941-இல் சில மாதங்களே நீடித்தது. ஜெர்மானியக் கடற்படையின் சங்கேதச் செய்திகளை உடைத்த '8-ஆம் குடில்' (Hut 8) என்ற பிரிவில் அவர் 1940-இல் சேர்ந்து, 1944-இல் அதன் துணைத் தலைவராகவே உயர்ந்தார். கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதல் வகுப்பில் தேறியும், பெண் என்பதால் முழுமையான பட்டம் மறுக்கப்பட்டவர் அவர். வாரம் 2 பவுண்டு ஊதியத்தில் எழுத்தர் நிலையில் சேர்த்தார்கள். பிறகு ஊதியத்தை உயர்த்துவதற்காகவே 'மொழி வல்லுநர்' என்று பதவி தந்தார்கள். படிவத்தில் அவர் நிரப்பியது: 'பதவி: மொழி வல்லுநர், அறிந்த மொழிகள்: ஏதுமில்லை.'

பள்ளியில் கணிதம் கற்பித்த ஆண்டுகளில் இந்த வரியைக் கரும்பலகையில் எழுதியபோதெல்லாம், கடைசி பெஞ்சு மாணவிகள் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். துளையிட்ட நீண்ட தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக நகர்த்தி, துளைகள் எங்கே ஒத்துப்போகின்றன என்று எண்ணும் 'பான்புரிஸ்மஸ்' என்னும் சங்கேத உடைப்பு முறையில் அவர் தேர்ந்தவர். பிளஸ் டூ மாணவருக்கும் புரியக்கூடிய அந்த முறையைப் படத்துடன் விளக்கி, அவர் பெயரையே தலைப்பாக இட்டு ஒரு கட்டுரை வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

– ஓய்வுபெற்ற கணித ஆசிரியை, தஞ்சாவூர்