ஸ்டெப்னில காத்து இருக்கான்னு பாரு

பாப்பாவுக்கு,

நல்லா இருக்கியா. பசங்க நல்லா இருக்காங்களா. லீவுக்கு பசங்கள கூட்டிக்கிட்டு கார்லயே கிளம்புறதா சொன்னியாம், அம்மா போன வச்ச கையோட என்கிட்ட வந்து சொன்னா. ரெண்டு நாள் ஓட்டுற தூரமாம். யார் யாரெல்லாம் போறாங்கன்னு கேட்டேன், நீ அதை சொல்லலையாம், அவளும் கேக்கலையாம். சரி, அது இருக்கட்டும். நான் எழுத உக்காந்தது டயர் விஷயமா.

மொதல்ல ஸ்டெப்னிய பாரு. நாலு டயருக்கும் காத்து புடிச்சிட்டு எல்லாரும் கிளம்பிடுவாங்க, அஞ்சாவதா ஒண்ணு டிக்கிக்குள்ள கெடக்குறது யாருக்கும் ஞாபகம் வராது. சும்மா கெடக்குற டயர்லயும் மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு பாயிண்ட் காத்து தானா எறங்கும். நீ கார் வாங்கி நாலு வருஷம் ஆச்சு, ஒரு தடவையாவது அதை வெளிய எடுத்து பாத்திருப்பியான்னு தெரியல. இப்ப வர்ற சில கார்ல ஸ்டெப்னியே குடுக்குறதில்ல, பஞ்சர் அடைக்குற மருந்து ஒரு பாட்டிலும் குட்டி பம்பும்தான் இருக்கும். அப்படின்னா பாட்டில்ல தேதி போட்டிருக்கும், முடிஞ்சு போச்சான்னு பாரு. அந்த மருந்து ஆணி குத்துன மாதிரி சின்ன ஓட்டைக்குத்தான், டயரோட பக்கவாட்டுல கிழிஞ்சா அது ஒண்ணும் பண்ணாது. உன் கார்ல எது இருக்குன்னு எனக்கு தெரியாது, நீ கார் வாங்குனதையே நான் போட்டோல பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

ஸ்டெப்னி மத்த டயர விட ஒல்லியா இருந்தா அது தற்காலிகத்துக்கு மட்டும். அதை மாட்டிக்கிட்டு பெரும்பாலும் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போகக்கூடாது, அது மேலயே எழுதியிருப்பான். காத்தும் அதுக்கு அதிகம் வேணும், பொதுவா 60 பாயிண்ட் இருக்கும், மத்த டயர் மாதிரி 30, 32ன்னு புடிச்சிட்டு வந்துடாத.

மத்த நாலுக்கும் எவ்ளோன்னு டிரைவர் கதவ தொறந்தா ஸ்டிக்கர்ல இருக்கும். ஒரு ஆளு ரெண்டு ஆளுக்கு ஒரு கணக்கு, சாமான் ஏத்தி வண்டி நெறைய போனா ஒரு கணக்கு, ரெண்டையும் பாரு. டயர் மேல எழுதியிருக்குற நம்பர் அது தாங்குற உச்சம், அதை பாத்து அடிக்காத. காலைல வண்டிய எடுக்குறதுக்கு முன்னாடியே செக் பண்ணு, ஓடி சூடானப்புறம் பாத்தா காத்து அதிகமா இருக்குற மாதிரி காட்டும். காத்து கம்மியா ஓட்டுனா டயரோட பக்கவாட்டு மடங்கி மடங்கி சூடேறும், வெயில்ல, லோடுல, வேகத்துல போகும்போது வெடிக்கிறது பெரும்பாலும் அதனாலதான். சொல்லிட்டேன்னு நெனைக்காத, மறுபடி சொல்றேன், ஸ்டெப்னிக்கும் புடி.

டயர் ஓரத்துல டி.ஓ.டி.ன்னு எழுத்து ஓடும், அதோட கடைசி நாலு நம்பர பாரு. 2319ன்னு இருந்தா 2019ஆம் வருஷம் 23ஆவது வாரத்துல செஞ்சதுன்னு அர்த்தம். பட்டன், அதான் ரோட்ட தொடுற மேல்ரப்பர், நல்லா இருந்தாலும் ஆறு வருஷம் தாண்டுச்சுன்னா ரப்பர்ல வெடிப்பு விட்டிருக்கலாம், தெரிஞ்சவங்ககிட்ட காட்டாம நெடுந்தூரம் எடுக்காத. பட்டன் உயரம் 1.6 மில்லிமீட்டருக்கு கீழ போச்சுன்னா மாத்தியே ஆகணும். பள்ளத்துக்குள்ள சின்ன மேடு மாதிரி குறுக்க இருக்கும், ரப்பர் தேஞ்சு அந்த மேட்டுக்கு சமமா வந்துடுச்சுன்னா டயர் முடிஞ்சுதுன்னு அர்த்தம்.

அலாய் வீலா இருந்தா ஒவ்வொரு வீல்லயும் ஒரு நட்டு லாக் நட்டா இருக்கலாம், அதுக்குன்னு தனியா ஒரு குட்டி சாவி இருக்கும், அது இல்லாம எவ்ளோ பலம் இருந்தாலும் கழட்ட முடியாது. கிளம்புறதுக்கு முன்னாடி நாளே தேடி எடுத்து வை. ஜாக்கி, ஸ்பேனர், அந்த சாவி, ஜாக்கி மண்ணுல பொதையாம இருக்க ஒரு பலகை துண்டு, கையுறை, எல்லாத்தையும் ஒரே பையில போட்டு சாமானுக்கு மேல வை. அடியில வச்சுட்டு நடுராத்திரி ரோட்டுல பெட்டி பெட்டியா எறக்கி வைக்கிற கொடுமை வேணாம். லைட்டு தலையில மாட்டுற மாதிரி வாங்கு. கையில புடிக்கிற டார்ச் வேணாம். பெரியவன்கிட்ட குடுத்து புடிக்க சொல்லவே சொல்லாத.

ஓடும்போது பஞ்சர் ஆச்சுன்னா வண்டி ஒரு பக்கமா இழுக்கும், இல்ல பின்பக்கம் ஆடும். சட்டுனு பிரேக் மிதிக்காத, ஸ்டியரிங்க ரெண்டு கையாலயும் நேரா புடிச்சிக்கிட்டு ஆக்ஸிலேட்டர்ல இருந்து கால எடு, தானா வேகம் கொறையும், அப்புறம் மெதுவா ஓரம் கட்டு. வளைவுல நிறுத்தாத. ரிம்மு கெட்டுப்போனா போகட்டும், கொஞ்சம் தள்ளி சமமான எடமா பாத்து நிறுத்து. நாலு லைட்டும் மின்னட்டும். பசங்கள வண்டி ஓடாத பக்கமா எறக்கி தள்ளி கூட்டிட்டு போயிடணும், உள்ள உக்கார வச்சுக்கிட்டு ஜாக்கி போடக்கூடாது, வண்டிக்கு பின்னாடியும் நிக்க விடக்கூடாது. ஒரு ஆள் நட்ட கழட்டும்போது இன்னொரு ஆள் பசங்கள புடிச்சிக்கணும் இல்லையா. அதனாலதான் யார் யாரெல்லாம் போறாங்கன்னு கேட்டேன், வேற எதுக்கும் இல்ல. மாப்ள வர்றாருன்னா நான் இவ்ளோ எழுத வேண்டியதே இல்ல.

உனக்கு கை வேலை சொல்லி தர வேணாம், எட்டாவது படிக்கும்போதே சைக்கிள் ட்யூப்ப நீயே கழட்டி ஒட்டுனவ, தெருவே பாத்துச்சு, நான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு திரிஞ்சேன். இருந்தாலும் சொல்றேன். ஹேண்ட் பிரேக் போட்டு கியர்ல வை, குறுக்கால இருக்குற வீலுக்கு கல்ல முட்டு குடு. டயர் தரையில இருக்கும்போதே நட்ட அரை சுத்து தளர்த்திடு, தூக்குனப்புறம் தளர்த்துனா வீலுதான் சுத்தும். நட்டு வரலைன்னா ஸ்பேனர் கைப்பிடி இடது பக்கமா படுத்த மாதிரி மாட்டி கால வச்சு அழுத்து. ஜாக்கில நிக்கிற வண்டிக்கு அடியில கையையோ தலையையோ விடாத, என்ன விழுந்தாலும் விடாத. திரும்ப மாட்டும்போது வரிசையா முடுக்காம ஒண்ணுக்கு எதிர்ல ஒண்ணா முடுக்கு, எறக்கிட்டு ஒரு தடவை நல்லா முடுக்கு, 50 கிலோமீட்டர் போனதும் நிறுத்தி மறுபடி முடுக்கு. ரோட்டுல வண்டிங்க பறக்குது, ஓரத்துல எடமே இல்லைன்னா நீயே மாத்தணும்னு ரோஷம் வேணாம், தள்ளி நின்னு உதவிக்கு கூப்பிடு. உதவி கேக்குறது உனக்கு வராது, தெரியும் எனக்கு.

அந்த நீல கார்ல போன ராத்திரி உனக்கு மறந்திருக்காது. உனக்கு பதினோரு வயசு. சாமான் எல்லாம் ரோட்டுல எறக்கி வச்சு, ஸ்டெப்னிய மாட்டி, ஜாக்கிய எறக்க எறக்க அந்த டயர் அப்படியே சப்பிக்கிட்டே வந்து ரிம்மு தரைய தொட்டுருச்சு. துளி காத்து இல்ல. நான் அம்மாவ கத்துனேன், இவ்ளோ மூட்ட எதுக்கு கட்டுனன்னு. உன்னையும் கத்துனேன். நீ டார்ச் புடிச்சிட்டு நின்ன, கை ஆடுச்சு, நேரா புடின்னு கத்த கத்த வெளிச்சம் இன்னும் ஆடுச்சு. பஞ்சர் கடைக்காரன் சரியா ஒட்டாம ஏமாத்திட்டான்னு அன்னைக்கு சொன்னேன், இன்னைக்கு வரைக்கும் அப்படித்தான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்கேன்.

அவன்கிட்ட நான் குடுக்கவே இல்ல பாப்பா. மூணு வாரத்துக்கு முன்னாடி பஞ்சரான டயர கழட்டி டிக்கில போட்டவன், நாளைக்கு நாளைக்குன்னு விட்டுட்டேன். கிளம்புற அன்னைக்கு காலைல டிக்கிய தொறந்தப்ப ஞாபகம் வந்துச்சு. வந்தும், நேரமாகுதுன்னு அது மேலயே பெட்டிய தூக்கி வச்சேன். தெரிஞ்சேதான் உங்கள கூட்டிட்டு போனேன். அம்மாகிட்ட கூட இதுவரைக்கும் சொன்னதில்ல, இந்த கடிதத்த போஸ்ட் பண்றதுக்கு முன்னாடி சொல்லிடுறேன்.

உங்க மூணு பேரையும் இருட்டுல விட்டுட்டு வீல உருட்டிக்கிட்டு போனவன் திரும்பி வர மூணு மணி நேரம் ஆச்சு. அம்மாவும் தம்பியும் தூங்கிட்டாங்க. நீ மட்டும் டார்ச்ச மடியில வச்சிக்கிட்டு முழிச்சிருந்த. பயமா இருந்துச்சாடான்னு கேட்டேன், இல்லப்பான்ன. அதுக்கப்புறம் நான் எதை கேட்டாலும் உன் வாயில இருந்து அந்த இல்லப்பாதான் வருது. பரீட்சை கஷ்டமா இருந்துச்சான்னா இல்லப்பா, அங்க ஏதும் பிரச்சனையான்னா இல்லப்பா. நான் கத்துனதுல வந்த பழக்கம்னு இப்ப தோணுது. அன்னைக்கே உன்கிட்ட மன்னிப்பு கேட்டிருக்கணும், இப்ப கேக்குறேன்.

கார்ல ஒரு சீட்டு காலியா இருந்தா நான் வரேன். ஸ்பேனர நான் புடிச்சிக்கிறேன், நீ பசங்கள புடிச்சிக்கோ. எதுவும் கேக்க மாட்டேன். இடம் இல்லைன்னாலும் சரி.

இத படிச்சதும் டிக்கிய தொறந்து ஸ்டெப்னில எத்தன பாயிண்ட் இருக்குன்னு பாத்து அந்த நம்பர மட்டும் எனக்கு அனுப்பு. வேற ஒண்ணும் எழுத வேணாம். பூஜ்யமா இருந்தா பூஜ்யம்னே போடு, அப்பா கத்த மாட்டேன்.

அப்பா